காணியுறுதியும் கடவுளின் பார்வையும்



புதுவீட்டை மந்திரித்துத் தருமாறு குருவானவரை அழைக்காத கத்தோலிக்கக் குடும்பம் நம் மத்தியில் இல்லையெனலாம். சுவரில் பூசிய வர்ணம் உலர்வதற்கு முன்னரே தீர்த்தமும் மெழுகுதிரியும் ஆயத்தமாகிவிடும். ஆனால் அந்த வீட்டை வாங்குவதற்கு முன்னர், முற்பணம் கைமாறுவதற்கு முன்னர், உறுதியில் ஒப்பமிடுவதற்கு முன்னர் குருவானவரை நாடி வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வீடு வாங்குவது காசுப் பிரச்சினை, அதில் ஆன்மீகத்துக்கு என்ன வேலை என்று பலர் கருதுகின்றனர். ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு பெட்டியும் சில புத்தகக் கட்டுகளுமாகப் பங்கு மாறிச் செல்கின்ற, சொந்த வீடென்று ஒன்றில்லாத குருவுக்கு இதில் என்ன தெரியும் என்று எண்ணுவோரும் உண்டு. அதிலும் நியாயம் இல்லாமலில்லை.

இருந்தும், யாழ்ப்பாணத்தின் கரையோரப் பங்கு ஒன்றில் நான் பணியாற்றிய காலத்தில் ஓர் இளம் தம்பதியினர் அவ்வாறு வந்தனர். கணவர் ஆசிரியர், மனைவி அரச அலுவலகமொன்றில் எழுதுவினைஞர். இரு பிள்ளைகள். எட்டு ஆண்டுகளாக வாடகை வீடு. சீட்டுப் பிடித்தும், நகையில் ஒரு பகுதியை விற்றும், பிரான்சிலிருக்கும் சகோதரனின் உதவியாலும் ஒரு தொகையைச் சேர்த்திருந்தனர். மிகுதியை வங்கிக் கடனாகப் பெற எண்ணம். கோவிலுக்கு அருகே இரண்டு பரப்புக் காணியில் நல்ல கல்வீடொன்று விலைக்கு வந்திருந்தது. கிணற்று நீர் உவர் இல்லை. கரையோரத்தில் வாழ்ந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

உறுதியின் பிரதியொன்றை அந்தச் சகோதரி என் மேசைமீது வைத்தார். அவர்களுடைய சட்டத்தரணி அதில் ஒரு வரியைப் பென்சிலால் அடிக்கோடிட்டிருந்தார். பல ஆண்டுகளுக்கு முன்னர் தாயொருவர் தம் மகளுக்கு அந்த வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்தபோது, தமது சீவிய உரித்தைத் தமக்கென ஒதுக்கி வைத்திருந்தார். அதாவது, அவர் உயிரோடு இருக்கும் வரை அந்த வீட்டில் குடியிருக்கவும் அதன் பயனை அனுபவிக்கவும் அவருக்கு உரிமை உண்டு. மகள் இப்போது வெளிநாட்டில். தாயோ எண்பது வயதைக் கடந்த நிலையில் அதே வீட்டின் முன்னறையில்.

"மகள் போனிலை சொல்லுறா, அம்மாவை முதியோர் இல்லத்திலை சேர்த்துப்போட்டு வீட்டை வெறுமையாக்கித் தாறம், அம்மா ஒப்பம் வைப்பா எண்டு. சட்டத்தரணியும் அம்மா ஒப்பம் வைச்சால் பிரச்சினை இல்லை எண்டுறார். ஆனா சுவாமி, அவவிட்டை ஒருத்தரும் இன்னும் கேக்கேல்லை" என்றார் அந்தச் சகோதரி.

கணவர் ஒன்றும் பேசவில்லை. அந்த வீட்டை இழக்க அவருக்கு மனமில்லை என்பது அவர் அமர்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. நானும் உடனே பதில் கூறவில்லை. அந்த மூதாட்டியை எனக்குத் தெரியும். முதல் வெள்ளிதோறும் அவருக்கு நற்கருணை கொண்டு செல்பவன் நான்தான். தம் வீடு விலை பேசப்படுவதை அவர் அறிந்திருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இச்சம்பவத்தின் முடிவைப் பின்னர் கூறுகிறேன். அதற்கு முன் வேறு சில காரியங்கள் உள்ளன.

திருவிவிலியத்தில் முதன்முதலாகக் காணி வாங்கியவராக நாம் சந்திப்பவர் நம் நம்பிக்கையின் தந்தையாகிய ஆபிரகாம். தொடக்கநூலின் 23ஆம் அதிகாரத்தை ஒருமுறை காணியுறுதியை வாசிப்பதுபோல வாசித்துப் பாருங்கள். சாரா இறந்துவிட்டார். அடக்கம் செய்ய ஒரு துண்டு நிலமும் இல்லாத அந்நியராக ஆபிரகாம் நிற்கிறார். எப்ரோன் என்னும் இத்தியர் நிலத்தை இலவசமாகவே தருவதாகக் கூறுகிறார். ஆபிரகாம் ஏற்கவில்லை. முழு விலையாகிய நானூறு வெள்ளிக்காசுகளை ஊர் வாயிலில் அனைவரும் பார்த்திருக்க நிறுத்துக் கொடுக்கிறார். அதன் பின்னர் விவிலிய ஆசிரியர் நிலத்தையும், குகையையும், எல்லைகளுக்குட்பட்ட மரங்களையும் ஒவ்வொன்றாகக் குறிப்பிடுகிறார். நம் பகுதி உறுதிகளில் கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு என நாற்புற எல்லைகளையும் கூறி, அதனுள் அடங்கிய வீடு, கிணறு, பயன்மரங்கள், வழி, வாய்க்கால் என்று எழுதப்படுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். இரண்டுக்குமிடையே ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகள் இருக்கலாம். ஆனால் மனிதருக்கு வந்த சந்தேகங்களும் சண்டைகளும் ஒன்றுதான் போலும்!

ஆகவே, காணியின் உறுதியைப் பொறுமையாக வாசிப்பது உலகப்பற்று அன்று. நம்மில் பலர் ஒரு சேலையைத் தெரிவு செய்யச் செலவிடும் நேரத்தைக்கூட உறுதியை வாசிக்கச் செலவிடுவதில்லை. "தெரிஞ்ச ஆக்கள்தானே" என்ற ஒரே வார்த்தையில் இலட்சக்கணக்கான ரூபா கைமாறிவிடுகிறது.

நம் நாட்டில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனையானது நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகளின் முன்னிலையிலும் எழுத்தில் நிறைவேற்றப்பட்டாலன்றிச் செல்லாது. வெற்றுத் தாளில் எழுதி முத்திரை ஒட்டிக் கையொப்பமிட்ட காகிதங்களை நம்பி வீடு கட்டியவர்களை நான் கண்டிருக்கிறேன். அக்காகிதம் பணம் கொடுத்ததற்குச் சான்றாகலாமேயன்றிக் காணியை உங்களுடையதாக்காது. நிறைவேற்றிய உறுதியைக் காணிப் பதிவகத்தில் தாமதமின்றிப் பதிவு செய்வதும் அதேயளவு முக்கியம். நீங்கள் பதியாமல் பெட்டியில் வைத்திருக்கும் உறுதியைப் பின்னால் வந்த ஒருவர் பணம் கொடுத்து வாங்கி முதலில் பதிந்த உறுதி வென்றுவிடக் கூடும். சட்டத்தரணி மூலம் பதிவகத்தின் பதிவேடுகளைக் குறைந்தது முப்பது ஆண்டுகளுக்குப் பின்னோக்கிப் பார்ப்பது வழக்கம். ஈடு வைக்கப்பட்டுள்ளதா, வழக்கு நிலுவையில் உள்ளதா, அற்றோர்னித் தத்துவத்தின் பேரில் விற்பவராயின் தத்துவம் கொடுத்தவர் உயிரோடிருக்கிறாரா என்பவையெல்லாம் அதனோடு பார்க்கப்பட வேண்டியவை. தத்துவம் கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் முடிந்துவிடும். வெளிநாடுகளில் இருப்போரின் காணிகளுக்குக் கள்ள உறுதி முடித்து விற்ற கதைகள் நம் செய்தித்தாள்களில் குறைவா? அரசனின் பெயரில் கடிதம் எழுதி, பொய்ச் சாட்சிகளை நிறுத்தி, நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைப் பறித்தெடுத்த ஈசபேலின் கதையை அரசர்கள் முதல் நூலின் 21ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். அந்தத் தோட்டத்தை அனுபவிக்கச் சென்ற ஆகாபு தானே கடிதம் எழுதவில்லை. எப்படிக் கிடைத்தது என்று கேட்கவும் இல்லை. இறைவாக்கினர் எலியா அவனைத்தான் தோட்டத்தில் சந்திக்கிறார்.

காணியின் வகையையும் அறிந்துகொள்ளுங்கள். வன்னியில் வாழும் நம் மக்களுள் பலர் வைத்திருப்பவை அரச காணிகள். அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்புப் பத்திரம் மூலம் கிடைத்தவை. பிரதேச செயலகத்தின் முன் அனுமதியின்றி அவற்றை விற்கவோ வாங்கவோ இயலாது. கடலோரக் காணியாயின், உயர்நீர்மட்டத்திலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரையிலான பகுதி கரையோர வலயத்துக்குள் அடங்குவதால், கட்டுவதற்குத் தனி அனுமதி தேவைப்படும். கடற்றொழில் செய்யும் நம் குடும்பங்கள் இதனைப் பெரும்பாலும் கட்டி முடித்த பின்னரே அறிகின்றன. கொழும்பிலும் வத்தளையிலும் தொடர்மாடி வீடு வாங்குவோர், அக்கட்டடத்துக்கான தொடர்மாடி வரைபடம் பதிவு செய்யப்பட்டுள்ளதா என்பதை முதலில் கேளுங்கள். முன்மண்டபத்தின் அழகைப் பின்னர் பார்க்கலாம்.

வடமாகாணத்தில் இன்னுமொன்று உண்டு. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமை, பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் முன்வாங்கும் உரிமையை அளிக்கிறது. 1947ஆம் ஆண்டின் சட்டம் அதனை ஒழுங்குபடுத்தியது. கூட்டுப் பங்குள்ள காணியில் தம் பங்கை விற்க விரும்புபவர் அதனை மற்றப் பங்காளிகளுக்கு முதலில் அறிவித்தல் வேண்டும். அறிவிக்காது விற்றால், வாங்கியவர் பின்னர் நீதிமன்றப் படியேற நேரிடும். ரூத்து நூலின் இறுதி அதிகாரத்தை வாசிப்பவர்களுக்கு இது புதிதாக இராது. போவாசு நகோமிக்குரிய நிலத்தைத் தாமே மீட்டிருக்கலாம். ஆனால் தம்மைவிட நெருங்கிய உறவினர் ஒருவர் இருக்கிறார் என்பதற்காக, ஊர் வாயிலில் பத்து மூப்பர்களை அமர்த்தி, அவரிடம் முதலில் கேட்கிறார். அவர் மறுத்து மிதியடியைக் கழற்றிக் கொடுத்த பின்னரே போவாசு வாங்குகிறார். முன்வாங்கும் உரிமையை மறைத்து இரவோடிரவாக உறுதி முடிக்கும் நம் கெட்டிக்காரத்தனத்தைப் போவாசுக்கு விளக்கிச் சொல்வது கடினம். சகோதரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரே கோவிலில் இரு பக்கமாக அமர்ந்து திருப்பலி காண்பதற்கு, நான் அறிந்தவரையில், காணியைப் போன்ற காரணம் வேறொன்றில்லை.

இப்போது சற்று கசப்பான விடயத்துக்கு வருகிறேன். உறுதியில் எழுதும் விலை.

நம் மத்தியில் இது பாவமென்றே எண்ணப்படுவதில்லை. ஒரு கோடி ரூபாவுக்கு வாங்கிய வீட்டுக்கு உறுதியில் நாற்பது இலட்சம் என்று எழுதுகிறோம். முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதமும் மிகுதிக்கு 4 வீதமும் ஆகும். ஒரு கோடிக்கு 399,000 ரூபா. நாற்பது இலட்சத்துக்கு 159,000 ரூபா. மிச்சம் 240,000. இத்தொகைக்காக வாங்குபவர், விற்பவர், சாட்சிகள் இருவர் என நான்கு பேர் ஒரு பொய்க்குக் கீழே கையெழுத்திடுகின்றனர். அவ்வரி மாகாணத்தின் ஊடாக உள்ளூராட்சி மன்றத்துக்குச் சேர வேண்டியது. வீதி விளக்கு எரியவில்லை, வடிகால் துப்புரவு செய்யப்படவில்லை என்று பிரதேச சபையைத் திட்டுபவர்களும் நாமேதான். மேலும், நாளை அந்த உறுதியில் குற்றம் கண்டுபிடிக்கப்பட்டு விற்றவரிடமிருந்து பணத்தை மீளக் கேட்க நேர்ந்தால், சட்டத்தின் முன் நீங்கள் கொடுத்தது நாற்பது இலட்சம்தான். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2409ஆம் எண்ணில் ஏழாவது கட்டளைக்கு எதிரானவற்றை வரிசைப்படுத்தும்போது வரி ஏய்ப்பையும் சேர்த்துக்கொள்கிறது. ஆபிரகாம் எல்லோரும் காண முழு விலையை நிறுத்துக் கொடுத்தாரே, அதை நினைத்துப் பாருங்கள். நானூறு கொடுத்து நூற்றறுபது என்று அவர் எழுதவில்லை.

ஒருமுறை இதனை மறையுரையில் கூறியபோது, திருப்பலி முடிந்ததும் ஒரு பெரியவர் வந்து, "சுவாமி, எல்லாரும் செய்யுறதுதானே, நாங்கள் மட்டும் முழு விலை எழுதினால் விக்கிறவர் விடமாட்டார்" என்றார். அவர் கூறியதும் உண்மை. விற்பவர் சம்மதிக்காவிட்டால் வாங்குபவர் என்ன செய்வது? வீட்டை விட்டுவிடலாம் என்றேன். அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

அதே 2409ஆம் எண் இன்னொன்றையும் குறிப்பிடுகிறது. பிறரது அறியாமையையோ இக்கட்டையோ பயன்படுத்தி விலையில் இலாபம் காண்பதையும் அது களவின் வரிசையில் வைக்கிறது. நம் மண்ணில் இது வெறும் ஏட்டுப் பாடமன்று. 1990 ஒக்டோபரில் வடக்கில் வாழ்ந்த முஸ்லிம் மக்கள் சில நாட்களுக்குள், யாழ்ப்பாண நகரத்திலோ சில மணித்தியாலங்களுக்குள், வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்டனர். புத்தளத்து முகாம்களில் இருந்தவாறே பின்னாளில் அவர்களுட் பலர் தம் வீடுகளையும் காணிகளையும் விற்றனர். திரும்பி வர வழியற்றவனிடம், மகளின் திருமணத்துக்குப் பணமில்லாதவனிடம் விலை பேசுவது இலகு. 1995 ஒக்டோபர் 30க்குப் பின்னர் வலிகாமத்தை விட்டு வெளியேறிய நாமும் அதே நிலையில் இருந்தோம். சாமான்களை அடிமாட்டு விலைக்கு விற்றோம். அவ்வேளை வாங்கியவர்களை இன்னும் நாம் மறக்கவில்லை. அப்படியாயின், அந்தப் பழைய முஸ்லிம் வீட்டை வாங்கியவர் நம் பங்கைச் சேர்ந்தவராயிருந்தால்? 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், போர் காரணமாகத் தம் காணிக்கு வர இயலாதிருந்தவர்களுக்கு எதிராகப் பத்தாண்டு ஆட்சியுரிமை கோரப்படுவது தொடர்பில் விசேட ஏற்பாடு செய்தது. சட்டத்தின் காலக்கெடு தீர்ந்துவிடலாம். குறைந்த விலைக்கு வாங்கியவர் இன்றும் அவ்வீட்டில் செபமாலை சொல்லுகிறாராயின், அந்தக் குடும்பத்தைத் தேடிச் சென்று ஒருமுறை பேசுவதற்குக் காலக்கெடு ஏதுமில்லை.

இனி, கடன். லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கோபுரம் கட்ட விரும்பும் ஒருவரைப் பற்றிப் பேசுகிறார். முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிடாதவன் அத்திவாரத்தோடு நின்று ஊராரின் ஏளனத்துக்கு ஆளாவான். சீடத்துவத்தைப் பற்றிய உவமைதான். ஆயினும் எடுத்துக்காட்டு தச்சரின் மகனுக்கு நன்கு பழக்கமான களத்திலிருந்து வந்திருக்கிறது. "அமர்ந்து" என்னும் சொல்லைக் கவனியுங்கள். கணவனும் மனைவியும் ஒரு மாலை அமர்ந்து கொப்பியில் எழுதிப் பார்க்க வேண்டும். ஐம்பது இலட்சம் ரூபா கடனை 12 வீத வட்டியில் இருபது ஆண்டுகளில் தீர்ப்பதாயின் மாதத் தவணை ஏறக்குறைய 55,000 ரூபா. முடிவில் நீங்கள் செலுத்தியிருப்பது ஒரு கோடியே முப்பத்திரண்டு இலட்சம் அளவில். வட்டி 20 வீதமாக ஏறினால் அதே கடனுக்குத் தவணை 85,000 அளவில் நிற்கும். இது கற்பனைக் கணக்கன்று. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. மாறும் வட்டியில் வீட்டுக் கடன் பெற்றிருந்த குடும்பங்களுக்கு வங்கியிலிருந்து கடிதங்கள் வந்தன. அரிசியும் மாவும் எரிவாயுவும் விலையேறிய அதே மாதங்களில்தான் அதுவும் நடந்தது. அவ்வாண்டில் என்னிடம் வந்த குடும்பத் தகராறுகள் பலவற்றின் அடியில் ஒரு தவணைக் கடிதம் கிடந்தது.

கடன் ஒப்பந்தத்தில் வட்டி நிலையானதா மாறுவதா என்று கேட்காமல் ஒப்பமிடாதீர்கள். இருவரில் ஒருவரின் சம்பளம் நின்றால் ஆறு மாதம் தாக்குப்பிடிக்க முடியுமா என்று பாருங்கள். வெளிநாட்டுச் சகோதரன் அனுப்பும் பணம் அன்பளிப்பா, கடனா, பங்கா என்பதைப் பணம் வருவதற்கு முன்னரே தெளிவாக்கி ஒரு கடிதத்திலாவது எழுதி வையுங்கள். "தம்பிக்கும் எனக்கும் இடையிலை என்ன எழுத்து?" என்பீர்கள். தம்பிக்கும் உங்களுக்குமிடையில் வேண்டாம்தான். தம்பி மனைவிக்கும் உங்கள் பிள்ளைகளுக்குமிடையில் ஒருநாள் வேண்டி வரும். உறுதி யார் பெயரில் என்பதும் அந்த மாலையிலேயே பேசப்பட வேண்டும். தேசவழமையின் கீழ் மணமான பெண் தன் காணியை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தை 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் கோரியது. கணவனிடம் அவ்வாறு கோரவில்லை. சட்டம் எவ்வாறாயினும், திருமண அருளடையாளத்தில் இணைந்தவர்கள் ஒருவரையொருவர் கேளாமல் வீடு வாங்குவதும் விற்பதும் எங்ஙனம் தகும்?

வாஸ்து பற்றி ஒரு வார்த்தை. குசினி எந்த மூலையில் என்று நம் கத்தோலிக்கக் குடும்பங்களும் இரகசியமாக விசாரிக்கின்றன என்பதை நான் அறிவேன். காற்றோட்டத்துக்காகவும் வெயிலுக்காகவும் விசாரித்தால் நன்று. பயத்துக்காக விசாரித்து, பிறகு அத்திவாரத்தில் மாதா பதக்கத்தையும் புதைத்து இரண்டுக்கும் சமமாக நம்பிக்கை வைத்தால், மாதாவுக்கு அது மதிப்பாக இராது. அவ்வளவே.

கணக்குப் பார்த்து, பயந்து பயந்து, ஒருபோதும் வாங்காமலே இருப்பவர்களும் உள்ளனர். அவர்களை எண்ணும்போது எரேமியாவின் 32ஆம் அதிகாரம் நினைவுக்கு வருகிறது. பாபிலோனியப் படை எருசலேமைச் சுற்றி முற்றுகையிட்டிருக்கிறது. நகரம் விழப்போகிறது என்று கூறியதற்காகவே எரேமியா காவலில் இருக்கிறார். அவ்வேளையில் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரன் அனமேல் வந்து, அனத்தோத்திலுள்ள நிலத்தை வாங்கிக்கொள் என்கிறார். மீட்கும் உரிமை உனக்கே உரியது என்கிறார். எதிரியின் கால்களுக்குக் கீழே கிடக்கும் நிலம்! எரேமியா பதினேழு வெள்ளிக்காசுகளை நிறுத்துக் கொடுக்கிறார். உறுதி எழுதி, சாட்சிகளின் ஒப்பம் பெற்று, முத்திரையிட்ட பிரதியையும் திறந்த பிரதியையும் பாரூக்கிடம் ஒப்படைத்து, நெடுங்காலம் பழுதுறாமல் இருக்கும்படி மண்கலத்தில் வைக்கச் சொல்கிறார். இந்நாட்டில் மீண்டும் வீடுகளும் நிலங்களும் வாங்கப்படும் என்ற ஆண்டவரின் வாக்கே அதற்குக் காரணம்.

நம் தாய்மார் இடம்பெயர்ந்தபோது பிள்ளையை ஒரு கையிலும் உறுதிப் பையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு நடந்தனர். சிலர் பொலித்தீனில் சுற்றித் தகரப் பெட்டியில் இட்டுக் கிணற்றடியில் புதைத்துவிட்டுச் சென்றனர். மீண்டு வந்து தோண்டியபோது எழுத்து அழியாதிருந்தவர்களும் உண்டு. கறையான் தின்றிருந்தவர்களும் உண்டு. மண்கலம் என்று வாசிக்கும்போது எனக்கு அந்தத் தகரப் பெட்டிகள்தான் தெரிகின்றன. குண்டு விழுந்த ஊரில் மீண்டும் ஒரு துண்டு நிலம் வாங்குகிறவர், தாம் அறியாமலே எரேமியாவோடு நிற்கிறார்.

அந்தத் தம்பதியினரின் கதைக்கு வருவோம்.

நான் அவர்களிடம் ஒன்றை மட்டும் கூறினேன். முற்பணம் கொடுப்பதற்கு முன்னர் இருவரும் சென்று அந்த அம்மாவைச் சந்தித்து, வீடு பார்க்க வந்திருக்கிறோம் என்று நேரடியாகக் கூறுங்கள் என்றேன். சென்றார்கள். அம்மாவுக்கு அன்றுதான் விற்பனை பற்றித் தெரிய வந்தது. அவர் அழவில்லையாம். தேநீர் ஊற்றிக் கொடுத்து, கிணற்றைக் காட்டி, "ஆனி ஆடியிலையும் வத்தாது" என்று கூறினாராம். வெளியே வரும்போது, "நான் எங்கை இருக்கிறது எண்டு அவள் சொன்னவளோ?" என்று கேட்டாராம். அவ்வளவுதான்.

அன்றிரவு கணவனும் மனைவியும் கடுமையாக வாக்குவாதப்பட்டதாகப் பின்னர் கணவரே கூறினார். நாம் வாங்காவிட்டால் வேறொருவர் வாங்கிக்கொண்டு கிழவியை வெளியேற்றத்தான் போகிறார் என்பது அவர் வாதம். அதை மறுக்க எனக்கும் சரியான பதில் தெரியவில்லை. மூன்று நாட்களின் பின் அவர்கள் மகளோடு தொலைபேசியில் பேசினர். அம்மா இருக்கட்டும், சீவிய உரித்தை உறுதியில் அப்படியே வைத்து எழுதுவோம், அவர் உள்ள வரை முன்னறை அவருடையது என்றனர். ஆனால் சீவிய உரித்துள்ள வீட்டை வங்கி ஈடாக ஏற்கவில்லை. ஆதலால் கடன் இல்லை. கையிலிருந்ததோடு ஆசிரியரின் சம்பளத்தின் மேல் ஆள்பிணையில் பெறக்கூடிய சிறிய தொகையை மட்டுமே சேர்க்க முடிந்தது. கேட்ட விலையைவிட நன்றாகக் குறைவு. மகள் கோபத்தோடு தொலைபேசியை வைத்துவிட்டார்.

நான்கு மாதங்கள் சென்றன. அவ்வீட்டைப் பார்க்க வந்த மற்றவர்களுக்கும் அவரவர் சட்டத்தரணிகள் அதே வரியை அடிக்கோடிட்டுக் காட்டினர். அம்மாவும் ஒப்பமிட முடியாது என்று கூறிவிட்டார். அவருக்கு அந்தத் துணிவு வரக் காரணம் தாங்கள்தான் என்று ஆசிரியர் சற்றே பெருமையோடும் சற்றே கவலையோடும் கூறினார். ஐந்தாம் மாதத்தில் மகள் சம்மதித்தார். குறைந்த விலைதான், ஆனால் கொடுத்த விலையை அப்படியே உறுதியில் எழுதினர். இக்கட்டில் உள்ளவரிடம் குறைத்து வாங்கியதாகுமா என்று அந்தச் சகோதரி என்னிடம் கேட்டார். ஒரு மனிதரோடு சேர்த்து வாங்குகிறீர்கள், அதனால் விலை குறைந்தது என்றேன். அவர் முழுமையாக ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

அம்மா இலகுவான மனுசியல்லர். பிள்ளைகளின் பந்து பூச்சாடியில் பட்டதற்காக இரண்டு நாள் பேசாதிருந்தார். கிணற்றுக் கப்பியைத் தாமே பூட்டி வைத்துக்கொண்டார். ஆசிரியர் இருமுறை என்னிடம் வந்து முறையிட்டார். ஒருமுறை, "சுவாமி, உறுதியிலை எழுதினது அறைக்குத்தான், கிணத்துக்கில்லை" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம்.

வீட்டை மந்திரிக்க நான் சென்ற நாளில் சகோதரி புதிதாக ஒரு திருஇருதயப் படத்தைக் கொழும்பிலிருந்து வாங்கி, கண்ணாடிச் சட்டமிட்டு வைத்திருந்தார். மண்டபச் சுவரிலோ அம்மாவின் திருமணக் காலத்துப் பழைய படம் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. செல் விழுந்தபோது கண்ணாடி வெடித்து ஒட்டப்பட்ட கோடு ஆண்டவரின் தோளுக்குக் குறுக்கே சென்றது. எதை மாட்டுவது என்று எல்லோரும் என்னைப் பார்த்தனர். நான் வாய் திறப்பதற்கு முன்னர் ஆசிரியர் புதிய படத்தை எடுத்துச் சென்று முன்னறையில் அம்மாவின் கட்டிலுக்கு நேரே ஆணியடித்து மாட்டினார். அம்மா எழுந்து வந்து படம் சரிவாக உள்ளது என்றார். மீண்டும் கழற்றி, நிமிர்த்தி மாட்டிய பின்னரே நான் தீர்த்தம் தெளிக்கத் தொடங்கினேன்.